மறுபாதி என்னுடையது, மச்சான்

என் அன்பு மச்சான் சூசைக்கு,

நீர் போய் ஓராண்டு நிறைகிறது. விபூதிப் புதனுக்கு அடுத்து வந்த வெள்ளி, விடியற்காலை. நினைவு அட்டையிலோ சனிக்கிழமை என்று அச்சிட்டிருக்கிறார்கள். அடக்கம் செய்த நாளை இறந்த நாளாக்கிவிட்டார்கள். திருத்தச் சொன்னால், "ஒரு நாள்தானே ஐயா" என்கிறார்கள். அந்த ஒரு நாளை உமக்கு யாராவது கொடுத்தார்களா?

இக்கடிதம் அதற்காக அன்று. உம்முடைய மகள் ஜெனி செய்திருக்கும் காரியத்திற்காக.

பாரிஸில் அவள் கணினியில் இசை அமைப்பதைக் கேட்டு, "மீன்வாடியில ஜெனரேற்றர் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தவர் நீர். இப்போது அந்த ஜெனரேற்றருக்குள் உம்மையே ஏற்றிவிட்டாள். பெரிய வெள்ளிகளில் ஆண்டவரின் பாடுகளுக்காக நம் கோயிலில் நாம் பாடிய ஒப்பாரியின் பழைய ஒலிப்பதிவுகளைச் செயற்கை அறிவுக்குக் கொடுத்து, உம் குரலை அதற்குப் பழக்கி, இரைச்சல்களுக்கு நடுவே பாட வைத்திருக்கிறாள். ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அதை ஒலிக்கவிட வேண்டுமாம். குடும்பத்தில் மூத்தவன் என்று என் சம்மதம் கேட்டாள்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வந்து, நானும் உம் தங்கை திரேசம்மாவும் தொலைபேசியை மேசையில் வைத்துக் கேட்டோம். முதல் வரியிலேயே நீர் வந்துவிட்டீர். உம் மூக்கடைப்புக்கூட மாறவில்லை. "அண்ணை!" என்று திரேசம்மா அலறினாள். வரியின் பாதி முடிந்தது. பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன்.

நீர் நிற்கவில்லை, மச்சான். மறுபாதியையும் நீரே பாடினீர்.

நம் கோயிலில் ஒப்பாரியை ஒருவர் முழுதாகப் பாடியதுண்டா? பீடத்தின் இடப்பக்கம் நீர் முதற்பாதி; வலப்பக்கம் நான் மறுபாதி. அழுகிறவரைத் தனியே அழவிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்த முறை? உம் தாயார் இறந்த ஆண்டில் உம் குரல் உடைந்தபோது வரியை ஏந்திக்கொண்டது யார்?

உடனே ஜெனியை அழைத்தேன்.

"பிள்ளை, என்ரை குரல் எங்கை?"

"அது மாமா, ரெண்டு குரல் கலந்து கிடந்தது. அப்பான்ரையைத் துப்பரவாக்கேக்க மற்றதை அது எடுத்துப்போட்டுது."

"மற்றதோ?"

"கோவிக்காதேங்கோ மாமா. அப்பா பாடாத இடத்தை அதுவே அப்பான்ரை குரலில நிரப்பிப் பாடும். வடிவாத்தானே வந்திருக்கு?"

ஊத்தை துடைப்பதுபோல என்னைத் துடைத்துவிட்டு வடிவாம்! உம் வாழ்நாளில் ஒரு முறைகூட நீர் பாடாததை உம் வாயில் திணித்துவிட்டு வடிவாம்!

அந்தப் பாதியை வெட்டிவிடு, அங்கே சத்தமே இருக்கக் கூடாது என்றேன். "இடையில சும்மா விட்டால் சனம் பிழை எண்டெல்லோ நினைக்கும்" என்றாள். நினைக்கட்டும். இருவரில் ஒருவர் இல்லாமற்போனது பிழைதானே? அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள், "அப்பா நிப்பாட்டுற இடத்தில என்னால கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது மாமா" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

உம் தங்கை என்னைச் சும்மா விட்டாளா? "இஞ்சருங்கோ, உங்கட குரல் இல்லாமப் போட்டுதெண்டுதானே இந்தத் துள்ளல்?"

"ஓம், அதுவுந்தான்" என்றேன். பொய் சொல்லும் வயதா எனக்கு? ஆனால் மச்சான், அந்தப் பிள்ளையின் துக்கத்துக்கு நான் கோபிக்கவில்லை. உம்மை மூச்சு வாங்கவும் விடாமல், துணையில்லாமல் அழவைத்திருக்கிறார்களே, அதற்குக் கோபிக்கிறேன். இரண்டு பேர் சுமந்ததை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, புதுமை என்கிறார்களே, அதற்கு.

சம்மதம் இன்னும் கொடுக்கவில்லை. ஜெனி அடுத்த செவ்வாய் வந்து இறங்குகிறாள். வெட்டுவாளோ மாட்டாளோ, அறியேன்.

எது நடந்தாலும், இதை எழுதித் தருகிறேன். அந்த மண்டபத்தில் உம் குரல் எழுந்தால், முதற்பாதி முடியும் இடத்தில் நான் கதிரையை விட்டு எழும்புவேன். இயந்திரம் வாய் மூடினாலும் பாடுவேன். மூடாவிட்டால் அதற்கு மேலால் பாடுவேன். குரல் உடைந்தால் உடையட்டும், உம் மகளும் கேட்கட்டும். அதை ஏந்த இடப்பக்கத்தில் நீர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

வலப்பக்கத்திலிருந்து,
உம் தங்கையின் புருஷன்,
உம்முடைய மச்சான்