அரைக்கூடை

ஆடி, 1957. வியாழன் இரவு. பொகவந்தலாவை.

ராக்காயிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. இந்தத் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சியாக இப்படி எத்தனையோ பார்த்தவள்தான் நான். ஆனாலும் அவள் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

ரத்தசோகை என்றால் பெண்களுக்குப் புரியவில்லையே என்று, போன மாதம் சின்னக் காகிதங்களில் படம் வரைந்து புத்தகமாகத் தைத்தேன். விரலால் சரசரவென்று புரட்டினால் படம் நகரும். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கொழுந்து பறிக்கும் பெண்களாகவும், காற்றைப் பிடித்துவைக்கும் இரும்புச்சத்தை அவர்கள் முதுகுக் கூடையாகவும் போட்டிருந்தேன். நுரையீரலில் காற்றை நிரப்பிக்கொண்டு வயிற்றுப் பிள்ளையிடம் போய்க் கொட்டுவார்கள். இரும்பு குறைந்தால் கூடை சிறுத்துவிடும். பிள்ளைக்கு அரைக்கூடைதான் வந்து சேரும். லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் புரட்டச் சொன்னாள். கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினாள்.

சாயங்காலம் துணியில் சுற்றிய பிள்ளையை அவள் புருசன் எடுத்துப் போனதும், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அரைக்கூடையா அனுப்பிட்டேனாங்கம்மா?"

"அய்யோ, ஒன் மேல ஒரு தப்பும் இல்ல ராக்காயி."

"பின்ன பிள்ளைக்கு ஏங்க வந்து சேரல?"

நான் நோயைத்தான் வரைந்தேன். ஆனால் இந்த மலையில் கூடை நிறையாவிட்டால் கங்காணி ஏசுவது சுமந்தவளைத்தான். அது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அடுப்பில் போட்டுவிடலாம் என்று படத்தைக் கையில் எடுத்தேன். விரல் பட்டதும் அந்தப் படத்துப் பெண்கள் கூடையோடு நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.