கரிக்காத பொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

பாரிஸில் நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

நேற்று ஒரு கூத்து. நான் கூட்டித் துடைக்கும் பாலே நடனப் பள்ளியில், மூலைப் பெட்டி ஒன்றில் வெள்ளைப் பொடி கட்டியும் தூளுமாகக் கிடந்தது. உப்பளத்தில் பிறந்தவள் சும்மா இருப்பேனா? நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை, பல்லில் ஒட்டிக்கொண்டது. ஆடுகிற பிள்ளைகள் சிரித்தார்கள். வழுக்காமலிருக்க ஷூவில் தேய்க்கும் மரப்பிசினாம்.

டீச்சரும் சிரித்துவிட்டு, என்னையும் சுவர்க்கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார். முந்நூறு வருஷத்துக்கும் முன்பே இந்த நாட்டு ராஜா ஒருவர் தானே ஆடி வளர்த்த ஆட்டமாம். அதனால் அசைவுக்கெல்லாம் பிரெஞ்சுப் பேர். குதிகாலைச் சேர்த்து, பாதங்களை வெளியே திருப்பி, முதுகு வளையாமல் முட்டியை மடக்கினால் ‘பிளியே’. உப்புப் பாத்தியை மிதிக்கும்போது அப்பாவின் பாதங்களும் அப்படித்தான் திரும்பியிருக்கும். அந்த நினைப்பு வந்தும் மனசுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்பா செத்த அன்றும் இப்படித்தான். வீடியோ காலில் பார்த்தேன், போனை வைத்தேன், தரையைத் துடைக்கப் போனேன். போனை வைக்குமுன் உன் பின்னாலிருந்து குப்பம்மாள் அத்தை சொன்னது கேட்டது: “பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுடல. சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றாளா இவ?”

அத்தைமேல் கோபமில்லை.

கலையரசன் மாமா இங்கே வரும்போது வடகமும் கால்வெடிப்புத் தைலமும் கொடுத்தனுப்பு. வகுப்பு முடிந்த மணி அடிக்கிறது, தரையைத் துடைக்கப் போக வேண்டும். அப்பா கடைசியாக வாரிய உப்பு மிச்சமிருந்தால் அதிலும் ஒரு பொட்டலம் வை. நான் உப்பு போட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்று அத்தையிடம் சொல். இந்த ஊர் உப்புதான் எனக்குக் கரிக்கவில்லை.

உன் மகள்,
ஜெயப்ரியா