முத்திருளாண்டியின் முதுகெலும்பு

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வார்டில் நோயாளிகளைவிடக் குடைகள் அதிகம்.

புது அட்மிஷன்: முத்திருளாண்டி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயி. இரண்டு மாத இடுப்பு வலி, சாயங்காலக் காய்ச்சல். ஸ்கேனில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் அரித்திருக்கிறது. இடது காலைத் தூக்க முடியவில்லை.

எலும்பு டாக்டர் சேகர்: "டி.பி.தான் மேடம். இன்னைக்கே மாத்திரையப் போட்டுருவோம்."

பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் நுரையீரல் சுத்தம். வேறு கிருமியோ என்று எனக்குச் சந்தேகம். டி.பி. மாத்திரைகளில் ஒன்று வேறு கிருமிகளையும் பாதி அடக்கும். பாதி குணத்தைப் பார்த்து ஏமாந்துபோவோம். காத்திருந்து என் சந்தேகம் பொய்த்தால், அவருடைய கால் போகும். சில நாள் அவகாசம் கேட்டேன். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்குப் போயிற்று.

முத்திருளாண்டியிடம் கேட்டேன்: "காய்ச்சாத பால் குடிப்பீங்களா?"

"அந்த வாடையே ஆகாதும்மா."

நவ. 12, புதன்

மழை விட்டது. ரவுண்ட்ஸில் அவர் மனைவி பாண்டியம்மாள், சாத்துக்குடி உரித்தபடி:

"ஊருல எந்த ஆடு குட்டி போட்டாலும் இந்த மனுசனத்தான் கூப்புடுவாக. கைய விட்டு இழுத்துப் போட்டுட்டு வருவாரு. எம் பிரசவத்துக்கு மட்டும் வாசலோட நின்னுட்டாரு."

"சும்மா இருக்கமாட்ட?" என்றார் அவர்.

கையுறை உண்டா என்று கேட்டேன்.

"ஆடு என்னத்தக் கேக்கப் போகுது டாக்டரம்மா?"

குட்டி செத்து விழுந்ததுண்டா?

"ஆவணியில ரெண்டு."

பாலைக் கேட்டேன், கையைக் கேட்கவில்லை. புரூசெல்லா. ஆட்டின் கருவைக் கலைக்கும் கிருமி; பச்சைப் பாலிலும் வரும், குட்டி இழுக்கும் கையிலும் வரும். லேபுக்கு போன்: அதற்கான டெஸ்டையும் சேர்க்க, கல்ச்சர் பாட்டிலைச் சீக்கிரம் எறிந்துவிட வேண்டாம் (மெதுவாக வளரும்), திறந்த மேசையில் தொடவே கூடாது (மூச்சில் ஏறும்).

வீட்டுக்கு: காபித்தூள், கொசுவர்த்தி.

நவ. 14, வெள்ளி

பாசிட்டிவ். அளவும் மிக அதிகம். சேகரிடம் நீட்டினேன்.

"ஆடா?"

"ஆடு."

"பிரியாணிய நிறுத்தணுமா மேடம்?"

"வெந்த ஆடு ஒண்ணும் செய்யாது."

நல்ல மனிதர். ஊசி, இரண்டு வகை மாத்திரை. மாத்திரை மூன்று மாதத்துக்குக் குறையாமல். ஒரு டெஸ்டை நம்பிக் கொண்டாட மனமில்லை. கால் தேறட்டும்.

நவ. 22, சனி

கல்ச்சரிலும் அதே கிருமி. காய்ச்சல் போய்விட்டது. கால் அப்படியே. சரியாகத் தூக்கமில்லை. அவருக்கல்ல, எனக்கு.

டிச. 4, வியாழன்

நல்ல வெயில். கட்டில் காலி. நர்ஸ் ஒரு பக்கம், பாண்டியம்மாள் ஒரு பக்கம் தேடல். ஆள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில். இடுப்பில் பெல்ட், கையில் வடை, பிடிமானம் எதுவும் இல்லை.

"இங்கன வரைக்கும் நடந்து பாத்தேம்மா."

"நடந்து பாத்தாராம்! வடைய மோந்துல்ல வந்திருக்காரு," பாண்டியம்மாள்.

நன்றாகத் திட்டினேன். பிறகு இடது காலைத் தூக்கச் சொன்னேன். கடை வாசலிலேயே தூக்கிக் காட்டினார். வடை கீழே விழவில்லை.