ஹலோ அத்தையின் இரண்டாம் சரணம்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தினம் இரண்டு வேளை சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன வாரம் பேசும்போது நடுநடுவே இருமினாயே, அது நின்றதா இல்லையா? வேலை வேலை என்று டாக்டரிடம் போகாமல் இழுத்தடிக்காதே, உன் அப்பா மாதிரி. அவர் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கி வந்து மேசை இழுப்பறைக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார், வாங்கியதிலேயே வலி பாதி குறைந்துவிட்டதாம். மாடி அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு நாய் வாங்கியிருக்கிறார்கள், அவர்களைவிட அதற்கு மரியாதை தெரிகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது, இன்றைக்குச் சொல்லப்போவதைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசில்லை, அதனால்தான் கடிதம். விஷயம் நம் ஹலோ அத்தையைப் பற்றியது.

எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணமான புதிதில் அத்தையும் நாங்களுமாக ஒரு பாட்டு கேசட் போட்டோம் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைப் போட்டுவிட்டு நீ ரோபோ மாதிரி கையைக் காலை ஆட்டிக் காட்டி எங்கள் மானத்தை வாங்குவாய். சிந்தசைசர் கீபோர்டு நான், டிரம் மெஷின் உன் அப்பா, பாட்டு அவருடைய தங்கை. அந்தக் காலத்து மின்னிசைப் பாட்டுகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்து வெளியிடுகிற ஒரு கம்பெனிக்காரர்கள் அந்தக் கேசட்டை எங்கேயோ கேட்டுவிட்டு அப்பாவைத் தேடி வந்தார்கள். அவரும் கால் வலியை மறந்து பரணில் ஏறி, பாட்டுகளைப் பதிவு செய்த மூல நாடாக்களை எடுத்துக் கொடுத்தார். அதில் கேசட்டில் வராத ஒரு பாட்டு இருந்தது. பல்லவி இருக்கிறது, முதல் சரணம் இருக்கிறது, இரண்டாம் சரணம் வரவேண்டிய இடத்தில் நாடா சும்மா ஓடுகிறது. அதைப் பாடி முடித்துக் கொடுங்கள், கடைசிப் பாட்டாக அதையே வைக்கிறோம் என்று கேட்டார்கள். நானும் அப்பாவும் வாசிக்கத் தயார். ஆனால் அத்தை பாடவேண்டுமே. அவள் குளிக்கும்போதுகூட முணுமுணுக்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று நாங்கள் உனக்குச் சொன்னதில்லை.

அந்த நாளில் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீட்டிலும் யார் கூப்பிட்டாலும் ஹலோ என்றுதான் திரும்புவாள், பெயர் அப்படி வந்ததுதான். அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு அறை, விடுமுறை நாள் மத்தியானங்களில் ஷட்டரை இறக்கிவிட்டு அதில்தான் பதிவு செய்வோம். ஃபேன் ஓடினால் மைக்கில் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார் உன் அப்பா, மூன்று பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு பனிக்காலத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்போம். என் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும், சூடேற ஏறச் சுருதி வேறு நகர்ந்துவிடும், ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அதன் சுருதித் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். எதை வைத்துச் சரிசெய்வது? கடை போனை எடுத்ததும் ஊம் என்று வருமே, அந்த டயல் டோனுக்குச் சேர்த்துவிடலாம் என்று சொன்னது அத்தைதான். ரிசீவரை என் காதில் அவள் பிடித்துக்கொள்வாள், நான் திருகைத் திருப்புவேன், டோன் அறுந்துபோனால் வைத்துவிட்டு மறுபடி எடுப்பாள். அரசாங்கம் போடுகிற சத்தம் தப்பாகவா இருக்கும் என்று எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. முக்கால்வாசிப் பாட்டு முடிந்த பிறகு கிதார் வாசிக்கிற ஒருவர் எங்களோடு சேர வந்தார், அரைமணி நேரம் திணறிவிட்டு, உங்கள் பாட்டெல்லாம் என் கிதாரின் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிறது, நான் எங்கே விரலை வைப்பது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உலகத்தில் எந்த வாத்தியத்தோடும் ஒட்டாத சுருதியில் முழுக் கேசட்டையும் செய்து முடித்த பெருமை நம் குடும்பத்துக்குத்தான்.

இப்போது அந்த நாடாக்களை அவர்கள் சுத்தம் செய்து அனுப்ப, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டேன் குட்டிமா. என் வாசிப்பு சுமார்தான், பாட்டு வரிகளும் நான் எழுதியவை, அவை சுமாருக்கும் கொஞ்சம் கீழே. அப்பாவின் டிரம் சத்தம் இன்றைக்கும் ஜோர், ஒரு இடத்தில் நம் பழைய வீட்டு வாசல் மணி கேட்கும், கழற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஆனால் அத்தை! எக்ஸ்சேஞ்சில் கோபமும் காட்டக்கூடாது கொஞ்சலும் காட்டக்கூடாது என்று பழக்கிய குரல் அது, அதே குரலில்தான் பாடினாள், ஒரு அசைவு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, என் அழுமூஞ்சி வரிகளை அவள் நேராகச் சொல்லச் சொல்லத்தான் அவையே நிஜம் மாதிரி கேட்கின்றன. குரல் கனமாகக் கேட்கவேண்டும் என்று ஒரே வரியை மூன்று தடவை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவோம், மூன்றிலும் மூச்சு விடுகிற இடம்கூட மாறாது. பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டவள் நான், எனக்கே இப்போதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைத்தது.

அந்தக் குரலைத்தான் ஒருவர் சிரித்தே கெடுத்தார். முடிந்த பாட்டுகளை எடுத்துக்கொண்டு ரேடியோ நிலையத்துக்குப் போனோம், அங்கே இருந்த அதிகாரி இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "மியூசிக் நல்லாத்தான் இருக்கு, பாடுறது மனுஷியா மெஷினான்னுதான் தெரியல" என்றார். அறையே சிரித்தது. அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தாள், வெளியே வந்து அப்பாவுக்கும் எனக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் கடைசிப் பாட்டின் முதல் சரணத்தைப் பாடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா போய்க் கூப்பிட்டார், நான் போய்க் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். "மெஷின்தானே அண்ணி, சுவிட்சை அணைச்சாச்சு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வரி பாடவில்லை. அந்தப் பாட்டில்லாமலே கேசட்டை வெளியிட்டோம்.

இந்தத் தடவையும் முடியாது என்றுதான் சொன்னாள். நேரில் சொல்லிவிட்டால் நான் நச்சரிக்க மாட்டேன் என்று போன புதன்கிழமை வீட்டுக்கே வந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா என் சிந்தசைசரைப் பிரித்து மேய்ந்து உயிர் கொடுத்து வைத்திருந்தார், நான் பழைய பாட்டின் சுருதிக்கு அதைச் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி அனுப்பிய பாட்டுகள் அப்பாவின் போனில் இருக்கின்றன, அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பழைய கேசட்டைப் போட்டால் பிளேயரின் பெல்ட் தளர்ந்து நாளுக்கொரு வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பழைய டயல் டோனும் இப்போது எந்தப் போனிலும் வருவதில்லை. நினைவை வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தை வந்தாள், உட்கார்ந்தாள், "அண்ணி, இது சரிவராது, விட்டுடுங்க" என்று தொடங்கினாள், நான் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவள் முகம் சுளித்தது. "கீழ வாங்க" என்றாள். இறக்கினேன். "ரொம்பக் கீழ போயிட்டீங்க." ஏற்றினேன். "ஐயோ அண்ணி, இப்படித்தான் இருக்கும்" என்று வாயை மூடிக்கொண்டு ஊம்ம்ம் என்று பிடித்தாள் பார், அப்படியே அந்த டயல் டோன், ஒரு நூல் அசையவில்லை. என் கை தன்னால் திருகைத் திருப்பி அவளோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, மூச்சு தீரும்வரை பிடித்தாள். நிறுத்தியதும்தான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. நான் திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி, "என்னைக்கு வரணும்?" என்று கேட்டாள்.

நேற்றுப் போனோம். ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் சின்ன ஸ்டூடியோ. ஒலிப்பதிவு செய்கிற பெண் உன் வயதுதான் இருப்பாள், அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், உங்கள் குரலைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்றாள், அத்தை என்னைப் பார்த்து முறைத்தாள், நான் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தேனாம். பழைய நாடாவிலிருந்து முதல் சரணம் ஓடியது, நான் வாசித்தேன், அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேராக நின்று இரண்டாம் சரணத்தைப் பாடினாள். குரல் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் கரகரக்கிறது, ஆனால் அதே நேர்கோடு. அப்பா தொண்டையைச் செருமுகிற சாக்கில் வெளியே போய்விட்டார், நான் அழுதுகொண்டே வாசித்தேன், தப்பில்லாமல் வாசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எல்லாம் சேர்த்துப் போட்டுக் கேட்டபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, முதல் சரணத்துல இருக்கறதும் இதுவும் ரெண்டு பேர் பாடுற மாதிரி இருக்கு. வேணும்னா கம்ப்யூட்டர்ல இதைக் கொஞ்சம் இளசாக்கிடலாம்" என்றாள். அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. எழுந்து போனவ அந்தப் பொண்ணு, திரும்பி வந்தவ நான். அந்த வித்தியாசம் கேக்கட்டும்" என்றாள்.

நீ நன்றாக இரு, உன் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் இருக்கட்டும், நினைத்ததெல்லாம் உனக்கு நடக்கவேண்டும். மாப்பிள்ளையைத் திட்டுவதில் அளவோடு இரு. இருமலுக்கு இந்த வாரமே டாக்டரிடம் போ. பாட்டு வெளிவந்ததும் போனின் ஓட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்காதே, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேள். கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம், அத்தையைக் கூப்பிடு. நன்றாகப் பாடியிருக்கிறீர்கள் என்று சொல். இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா