மாப்பிள்ளை செய்த ஸ்பீக்கர் பெட்டி

சித்திரை, செவ்வாய் இரவு.

கூடத்தில் இடமில்லையென்று மாப்பிள்ளை ஸ்பீக்கர் பெட்டியை என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கராம். முதலில் செய்த பெட்டி அதற்குப் பற்றவில்லை.

"சின்னப் பெட்டில அதுக்கு மூச்சு முட்டுது அத்தை. உள்ள காத்து கூடுதலா வேணும்" என்றார். பெரிதாகச் செய்து, காற்று போய்வர முன்பக்கம் ஓட்டையும் வைத்தார்.

இன்று போட்டுப் பார்த்தபோது என் சன்னல் கடகடவென்று ஆடியது. உடனே மிச்சப் பலகையை வைத்து, திருகாணி முடுக்கிச் சன்னலை அடைத்துவிட்டார். கடற்காற்று வர எனக்கு அது ஒன்றுதான் வழி.

"மாப்ள, எனக்கு மூச்சு முட்டாதா?" என்றேன்.

மகள் முந்திக்கொண்டாள். "சும்மா இரும்மா. அவிய ஆசையாச் செஞ்சிருக்காவ."

அவள் வீட்டில் இருந்துகொண்டு அதற்கு மேல் நான் என்ன பேச?

பெண் பார்க்க வந்த அன்றே மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். நான் மறக்கவில்லை.

இப்போது கூடத்தில் இருந்தபடி போனில் பாட்டுப் போடுகிறார். பெட்டி ஓட்டையிலிருந்து குப்குப்பென்று காற்று வருகிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முகத்துக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.

பாட்டை நிறுத்திவிட்டார். காற்றும் நின்றுபோனது.

இன்னொரு பாட்டுப் போடுங்கள் என்று அவரிடம் போய்க் கேட்கமாட்டேன்.