படத்தில் இருந்தபடியே வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் உன் கூட்டாளிகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், நான் பார்த்த வரையில் உங்கள் குழுவில் ஒருவருக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. சித்தப்பா வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நான் தனியாக இருப்பதைப் பற்றிச் சித்தி வழக்கம்போல என்னைத் தவிர எல்லோரிடமும் கவலைப்படுகிறாள். நீ ஃபோனில் மெசேஜ் எழுதிக் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுதுகிறேனே என்று பார்க்காதே, அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் சினிமாக் கல்லூரிப் பரீட்சைக்கான படம் எடுக்க நீங்கள் ஆறு பேரும் வந்தபோது சாவியைக் கொடுத்துவிட்டு நான் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மாவின் கடைசி நாளைப் படமாக எடுக்கிறாய், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. நோட்டும் கையுமாகத் திரிந்த அந்தப் பெண், நான்கூட நோட்டுக்காரி என்று பெயர் வைத்தேனே, அவள் ஒரு சாமானை நகர்த்துவதற்கு முன்னால் வீட்டை மூலைமூலையாக ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் இருந்த மாதிரியே வைத்துவிட்டுப் போவோம் அங்கிள் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஒரு டம்ளர்கூட இடம் மாறக்கூடாது என்று படப்பிடிப்பு நடக்கும்போதும் தினமும் ஃபோட்டோ எடுத்திருக்கிறாள். கடைசி நாள் ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் முதலில் எடுத்த ஃபோட்டோக்களை விட்டுவிட்டு, படப்பிடிப்பில் எடுத்ததைப் பார்த்துச் சாமான்களை அடுக்கிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது வீடு நான் விட்டுப்போன மாதிரி இல்லை. உன் படத்தில் இருந்த மாதிரி இருந்தது.

பரணில் இருந்த அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. பெட்டிக்குள் நான் மடித்து வைத்திருந்த சால்வை நாற்காலி முதுகில் தொங்கியது. ஒரு வருடமாக மூடியிருந்த தையல் மெஷின் திறந்து, சிவப்பு நூல் கோத்து, ஊசிக்கு அடியில் பாதி தைத்த சட்டைக்கை. அம்மாவாக நடித்தவருக்குத் தையல் தெரியாது போலிருக்கிறது, கோணல் மாணலாக ஓட்டியிருக்கிறார், உன் அம்மா பார்த்திருந்தால் அன்றைக்குச் சமையல் கிடையாது. இதையெல்லாம் நான் அப்புறம்தான் கவனித்தேன். கதவைத் திறந்து செருப்பைப் பார்த்த உடனே, "வந்துட்டேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டேன். பதில் வராததால்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நோட்டுக்காரி ஃபோன் செய்து அழுதாள், நானே வந்து எடுத்து வைக்கிறேன் அங்கிள் என்றாள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்று வரை ஒன்றையும் தொடவில்லை பாப்பா. செருப்பைத் தாண்டித்தான் போகிறேன் வருகிறேன். முப்பது வருடம் பஸ் பணிமனையில் இன்ஜினைப் பிரித்துக் கோத்தவன் நான், பேய் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். ஆனால் மத்தியானத்தில் மெஷின் பக்கம் சத்தம் கேட்டால் எழுந்து போவதில்லை. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரியும், அதனால்தான் போவதில்லை. சால்வை இருக்கிற நாற்காலியில் உட்காருவதும் இல்லை. அவள் இருக்கிறாள் என்று பயமா, இல்லை என்று பயமா, எனக்கே பிடிபடவில்லை.

நீ அனுப்பிய படத்தை நாலு தடவை பார்த்தேன். எடிட்டிங் இன்னும் பாக்கி என்றாய், எனக்கு அதெல்லாம் புரியவில்லை, வீடு வீடாகவே இருந்தது. கடைசிக் காட்சியில் உயிர் இல்லை, இரண்டு வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால் மார்க் போட முடியாது என்று உங்கள் ஆசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி கேட்டிருந்தாய். "அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?" ஃபோனில் சொன்னால் எனக்கு மறுபடியும் பொய்தான் வரும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அம்மா போன அன்று காலை நீ ஃபோனில் கூப்பிட்டபோது, அம்மாவுக்கு லேசான ஜுரம்தான், ஷூட்டிங்கை முடித்துவிட்டே வா என்று சொன்னேன். ஜுரம் இல்லை. பெண்ணை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் முந்தின நாளே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நீ முதல்முறையாக டைரக்டர், கல்லூரி கேமரா அந்த ஒரு நாள்தான் உன் கைக்கு வரும் என்று வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாய். இரண்டு நாள் தாங்குவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அம்மாவைவிடப் படம் பெரிதாகப் போய்விட்டதே என்று இந்த ஒரு வருடமாக நீ உன்னையே நொந்துகொள்வதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அம்மா உன்னைக் கேட்டாள், பாப்பா. மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, ரயில் ஏறிவிட்டாள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள் என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். "அப்ப என் கண்ணாடிய எடுத்துக் குடுங்க, பிள்ள முகம் சரியாத் தெரியணும்" என்றாள். துடைத்து நானே மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். நாலு மணிக்குக் கண்ணாடியை நான்தான் கழற்றினேன்.

உன் படத்தில் அந்த அம்மாள் வெறும் கண்ணோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அதை மாற்று. வீடு அப்படியேதான் இருக்கிறது, நோட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் இன்னொன்று, அந்தக் கண்ணாடியைக் கொரியரில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன,
அப்பா