புதுநன்மை விருந்தும் கார்டு டெஸ்டும்

மன்னார்புரம்
6.5.2025

மரியே வாழ்க!

அன்புள்ள தம்பி மார்ட்டினுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் மகள் ஜென்சி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்தவர்கள் வாந்தி, பேதி என்று படுத்ததற்கு என் பிரியாணிதான் காரணமாம். கோயில் வாசலிலேயே பேசுகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சமையலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. நீ லேபில் இருக்கிறாய். என்னவென்று பார்த்துச் சொல்.

அக்கா ரோசரி

ஸ்ரீரங்கம்
9.5.2025

அன்புள்ள அக்கா,

பேதியானவர்கள் சிலரின் மலத்தை வாங்கி, சில நிமிஷத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் செய்தேன். வைரஸ் இல்லை. இனி கறியைத்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய கறியா? மகள் விருந்து இப்படி ஆயிற்றே என்று என் வீட்டுக்காரி லிசி கொதித்துப்போயிருக்கிறாள். கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

மார்ட்டின்

ஸ்ரீரங்கம்
17.5.2025

அன்புள்ள அக்கா,

நீ பதில் போடவில்லை. அவசரப்பட்டுவிட்டேன். அந்தக் கார்டு ரோட்டா வைரஸை மட்டும்தான் காட்டும். கீழ்வீட்டு ரங்கநாதன் சார் சைவம். விருந்தில் ஜென்சி ஊட்டிய முட்டையில்லாக் கேக் ஒரு வாய்தான் சாப்பிட்டார். அவருக்கும் பேதி என்று பிறகுதான் தெரிந்தது. உடனே அவருடையதையும் ஜென்சியினுடையதையும் சேர்த்து எல்லா சாம்பிளையும் பிசிஆர் மெஷின் டெஸ்டுக்கு அனுப்பினேன். வைரஸ் துளி இருந்தாலும் அதன் மரபணுவைப் பெருக்கிக் காட்டிவிடும். எல்லாவற்றிலும் நோரோ வைரஸ், கை வழியாகப் பரவும் வாந்தி பேதிக் கிருமி. ஜென்சியினுடையதிலும் அதுதான்.

விருந்துக்கு முந்தின நாள் பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறாள். புதுநன்மை தள்ளிப்போய்விடுமே என்று லிசி மாத்திரை கொடுத்து மறைத்துவிட்டாள். மறுநாள் வழக்கப்படி ஜென்சியே எல்லோருக்கும் கையால் கேக் ஊட்டினாள். உன் பிரியாணியில் குற்றமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கோயிலில் என்ன சொல்லட்டும்?

மார்ட்டின்

மன்னார்புரம்
20.5.2025

அன்புள்ள மார்ட்டினுக்கு,

வைரஸ் என்று மட்டும் சொல். ஜென்சி பேரை இழுக்காதே. தன் கையால்தான் இத்தனை பேர் படுத்தார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தாங்க மாட்டாள். லிசியையும் திட்டாதே. கல்யாண வீட்டுக்கு மட்டும் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. கோபமில்லை என்றால் பொய். கார்டைப் பார்த்து வராதே என்றாய். மெஷின் சொன்னதும் வா என்கிறாய். இதற்கு நடுவில், “எங்க அக்கா அப்படிச் சமைக்க மாட்டாங்க” என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருந்தால் எழுது, வருகிறேன்.

ரோசரி